கார் ஷெட்டுக்கு வந்த ஸ்பிண்டில்

போன மாதம் எங்கள் கார் ஷெட்டில் ஒரு ஸ்பிண்டில் மோல்டர் வந்து இறங்கியது. அன்றிலிருந்து மரவேலை நண்பர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "ரூட்டர் டேபிள்தான் இருக்கே, அப்புறம் இது எதுக்கு?" (ரூட்டர் என்பது பிட்டைச் சுழற்றி மர ஓரத்தில் உருவம் வெட்டும் கைமெஷின்; அதை மேசைக்கு அடியில் தலைகீழாக மாட்டினால் ரூட்டர் டேபிள்.) வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு துண்டாகப் பதில் போட்டுப் பார்த்தேன், சரிப்படவில்லை. வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

இந்த மெஷினைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. கனமான வார்ப்பிரும்பு டேபிள், நடுவில் ஒரு வட்டத் துளை, அதன் வழியாக மேலே எழும்பி நிற்கும் ஒரு தண்டு. அந்தத் தண்டுதான் ஸ்பிண்டில். அதில் கட்டரை, அதாவது பிளேடுகள் உள்ள வெட்டும் தலையை மாட்டி நட்டுப் போட்டு முறுக்கினால், டேபிளுக்கு அடியில் இருக்கும் மோட்டார் பெல்ட் மூலம் சுற்றும். ஃபென்ஸ் என்கிற தடுப்பை ஒட்டி மரத்தைத் தள்ளினால் ஓரத்தில் காடியோ படியோ உருட்டோ, கட்டரில் என்ன உருவம் இருக்கிறதோ அது விழும். அமெரிக்க வீடியோக்களில் இதை ஷேப்பர் என்பார்கள். கோயம்புத்தூரில் பழைய மெஷின் விற்பவரிடம் போய் ஷேப்பர் என்றால் இரும்பு வேலைக்கான மெஷினைத்தான் காட்டுவார். ஸ்பிண்டில் என்று கேளுங்கள்.

நான் ஒரு பம்ப் கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மரவேலை வார இறுதி வேலைதான். ஷெட்டில் ஒரு டேபிள் சா, ஒரு பேண்ட் சா, திக்னஸ் பிளேனர், நானே செய்த ரூட்டர் டேபிள் இருந்தன. பெட்டி, ஸ்டூல், புத்தக அலமாரி என்று இவற்றை வைத்தே நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தேன். ஸ்பிண்டில் வேண்டும் என்ற எண்ணத்தைக் கிளப்பியது பொள்ளாச்சிப் பக்கம் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) கட்டிய வீடு.

அந்த வீட்டின் ஜன்னல்கள் எல்லாம் தேக்கு. மழைச்சாரல் அடிக்கிற மேற்குப் பக்கத்தில் மட்டும் ஜன்னல் கதவுகளின் அடிச்சட்டம் கரையான் அரித்து உதிர ஆரம்பித்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் காரணம் தெரிந்தது. வைரம் பாய்ந்த பகுதியைக் கரையான் தொடவே இல்லை. அடிச்சட்டத்தில் ஓரமாக வெள்ளை (வைரம் பாயாத வெளிப்பகுதி) கலந்த மரத்தைப் போட்டிருக்கிறார்கள், அந்த வெள்ளை வழியாகத்தான் ஏறியிருக்கிறது. மாமா எல்லாவற்றையும் கழற்றிவிட்டு யுபிவிசி பிளாஸ்டிக் ஜன்னல் போட்டுவிடலாம் என்றார். அம்மிச்சி (பாட்டி) ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் வாடிவிட்டது. நான் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சட்டத்தைச் செய்வது பெரிய விஷயமில்லை. கண்ணாடியை ஒட்டி வரும் உள் ஓரத்தில் ஓர் உருட்டு இருக்கிறது: கால் வட்டம், அதன் இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் படி. உருவத்தைப் பதித்து எடுக்கும் புரொஃபைல் கேஜை வைத்து எடுத்துப் பார்த்தேன். ஜன்னலுக்கு ஜன்னல் அரை மில்லி மாறுகிறது. அந்தக் காலத்து ஆசாரி அதற்கென்று உருவம் தீட்டிய இழைப்புளியால் கையாலேயே இழுத்திருக்கிறார். நகத்தால் வருடினால் இழைப்புளி நின்று மறுபடி எடுத்த இடம்கூடத் தட்டுப்படுகிறது. பழைய கதவும் புதிய கதவும் ஒரே ஜன்னல் நிலையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கப் போகின்றன. உருட்டு பொருந்தாவிட்டால் ஒட்டுப்போட்ட வேலை என்று வாசலில் நிற்கும்போதே தெரிந்துவிடும். கடையில் கிடைக்கும் ரூட்டர் பிட் எதிலும் அந்த உருவம் இல்லை. பிட்டை நமக்கென்று செய்து வாங்குவது சுலபமில்லை. ஸ்பிண்டில் கட்டர் ஹெட்டில் பிளேடை மட்டும் கழற்றி மாற்றலாம், அதை நமக்கு வேண்டிய உருவத்தில் தீட்டிக்கொள்ளலாம். வாங்கத் தீர்மானித்ததற்கு முதல் காரணம் அதுதான்.

இரண்டாவது காரணம் நீளம். ஒரு வீட்டு ஜன்னல் என்றால் மீட்டர் கணக்கில் உருட்டு ஓட்ட வேண்டும். ரூட்டரில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார். நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றும். சின்னக் கட்டருக்கு அந்த வேகம் தேவை, தப்பில்லை. ஆனால் கெட்டித் தேக்கில் ஆழமான உருவத்தை ஒரே ஓட்டத்தில் எடுக்க அதற்குத் தெம்பு போதாது. மூன்று நான்கு ஓட்டம் ஓட்ட வேண்டும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் உயரம் மாற்ற வேண்டும், நடுவில் பிட் சூடாகி மரம் கருகும். ஸ்பிண்டிலில் இருப்பது பம்புக்குப் போடுகிற மாதிரியான இண்டக்‌ஷன் மோட்டார். மணிக்கணக்கில் ஓடினாலும் அலுத்துக்கொள்ளாது. சத்தம் பாதிகூட இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை மதியம் தூங்கும் நேரத்திலும் வேலை செய்ய முடிகிறது.

ரூட்டரைவிட மெதுவாகச் சுற்றுவதால் ஸ்பிண்டில் பத்திரமானது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியது தண்டின் சுற்றை அல்ல, பிளேடின் நுனி எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதை. கட்டரின் விட்டத்தை மீட்டரில் எடுத்து, 3.14ஆல் பெருக்கி, அதை நிமிடச் சுற்றால் பெருக்கி, 60ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். கையால் தள்ளும் வேலைக்கு 40 முதல் 70 வரை நல்ல எல்லை. 125 மி.மீ. கட்டரை 6,000 சுற்றில் ஓட்டினால் 39 வரும், ஓரளவு சரி. அதே கட்டரை 4,500இல் ஓட்டினால் 29தான். அந்த வேகத்தில் ஒவ்வொரு பிளேடும் மரத்தை அதிகமாகக் கடிக்கும், கடி பெரிதானால் மரத்தைப் பின்னால் எறியும். 70ஐத் தாண்டினால் வேறு ஆபத்து, கட்டரே தாங்காமல் போகலாம். கட்டரின் மேல் உச்ச வேகம் பொறித்திருப்பார்கள், அதற்கு மேல் ஓட்டவே கூடாது. அப்படி எதுவும் பொறிக்காத கட்டரை நான் வாங்குவதில்லை.

சரி, மெஷின் வேட்டைக்கு வருகிறேன்.

முதலில் புதிதாகத்தான் தேடினேன். விலை கட்டுப்படியாகிற ஒன்றை ஒரு ஷோரூமில் காட்டினார்கள். பெயின்ட் பளபளவென்று இருந்தது, ஸ்டாண்டு மெல்லிய தகடு. டேபிளின் ஒரு மூலையில் கையூன்றி அழுத்தினால் மறு மூலை நடுங்கியது. நுண்ணிய ஆட்டத்தையும் அளக்கும் டயல் கேஜை எடுத்து வந்திருந்தேன். மேக்னடிக் ஸ்டாண்டை டேபிளில் ஒட்டி, முள்ளை ஸ்பிண்டிலில் தொட வைத்து, கையால் ஒரு சுற்றுச் சுற்றினேன். 0.08 மி.மீ. ஆட்டம் காட்டியது. பம்ப் ஷாஃப்டில் இந்த அளவு இருந்தால் எங்கள் பிரிவில் சிவப்பு டேக் கட்டித் தனியாக வைத்துவிடுவோம். விற்பனையாளர் நல்ல மனிதர், "மரத்துக்குத்தானே மேடம், இது போதும்" என்றார். போதாது. கட்டர் அந்த ஆட்டத்தோடு சுற்றும்போது ஒரு பிளேடு மட்டுமே வெட்டும், மற்றது சும்மா சுற்றி வரும். மரத்தில் அலை அலையாக வரி விழும், பேரிங்கும் சீக்கிரம் போய்விடும்.

அப்புறம்தான் பழைய மெஷின் பக்கம் திரும்பினேன். இப்போது பழைய ஸ்பிண்டில் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஜன்னல் யுபிவிசிக்கும் அலுமினியத்துக்கும் போய்விட்டது. அறைக் கதவுக்கு ஃபிளஷ் டோர் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். பூ வேலை வேண்டுமென்றால் கணினி ஓட்டும் சிஎன்சி ரூட்டர் இருக்கிறது. நிலையும் பேனல் கதவும் செய்து பிழைத்த பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. ரம்ப மெஷினையும் பிளேனரையும் உடனே யாராவது எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்பிண்டில் மட்டும் ஒரு மூலையில் சாக்குப் போர்த்தி நிற்கிறது.

நான் வாங்கியதும் அப்படி ஒரு பட்டறையில் நின்றதுதான். உரிமையாளர், "எடுத்துட்டுப் போங்க மேடம், இப்ப யாருங்க மரத்துல ஜன்னல் செய்யறாங்க?" என்றார். ஜன்னல் செய்யத்தான் வாங்குகிறேன் என்றதும் பின்னால் உட்கார்ந்திருந்த வயதான ஆசாரி எழுந்து வந்தார். அந்த மெஷினைப் பல வருடம் ஓட்டியவர் அவர். சாக்கை விலக்கி டேபிளைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, "மொதல்ல பெல்ட்டக் கழட்டிப் பாருங்க அம்மிணி" என்றார்.

மெஷினைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தவர் சொல்லும் வார்த்தை அது. பெல்ட் மாட்டியிருந்தால் மோட்டாரின் சத்தமும் அதிர்வும் சேர்ந்து பேரிங்கின் குறையை மறைத்துவிடும். கழற்றிவிட்டு ஸ்பிண்டிலைக் கையால் சுண்டிவிட்டேன். கரகரப்பு இல்லாமல் சுற்றி, மெல்ல நின்றது. டயல் கேஜில் 0.02க்குள். பக்கவாட்டில் தண்டைத் தள்ளிப் பார்த்தேன், முள் நகர்ந்து திரும்பவும் அதே இடத்துக்கு வந்து நின்றது. ஏற்றி இறக்கும் சக்கரத்தை ஓர் எல்லையிலிருந்து மறு எல்லைவரை சுற்றினேன். நடுவில் ஓரிடத்தில் இறுகியது, மரத்தூளும் பழைய கிரீஸும் சேர்ந்து அடைத்திருந்தன. அது கழுவினால் போகும். பூட்டும் நெம்புகோல் நன்றாகப் பிடித்தது. ஸ்ட்ரெயிட் எட்ஜை டேபிளில் குறுக்கும் நெடுக்குமாக வைத்து அடியில் ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகடு நுழைகிறதா என்று பார்த்தேன். துளையைச் சுற்றி லேசான பள்ளம், எத்தனையோ வருடம் மரம் தேய்த்துப் போன தேய்மானம். என் வேலைக்கு அது இடைஞ்சல் இல்லை.

ஃபென்ஸின் இரண்டு பாதியும் ஒரே கோட்டில் இல்லை. அதற்கு விலையில் குறைத்துக் கேட்டேன், குறைத்தார்கள். பின்பாதியின் அடியில் மெல்லிய பித்தளைத் தகடு கொடுத்துச் சரிசெய்தேன்.

தண்டின் அளவைக் கட்டாயம் பாருங்கள். என்னுடையது 30 மி.மீ. ஒன்றேகால் அங்குலத் தண்டுள்ள மெஷின்களும் உண்டு, அதாவது 31.75 மி.மீ. வெறும் கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஒன்றேகால் அங்குலக் கட்டரை 30 மி.மீ. தண்டில் அப்படியே மாட்டினால் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றும். இடைவெளியை நிரப்பும் வளையமான கடைந்த புஷ் இல்லாமல் மாட்டவே கூடாது. கட்டருக்கான செலவு மெஷின் வாங்கியதோடு நிற்காமல் ஏறிக்கொண்டே போகும், அதனால் எந்த அளவில் கட்டர் சுலபமாகக் கிடைக்கிறது என்று பார்த்து மெஷினைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கூடவே, நட்டுக்கும் கட்டருக்கும் நடுவில் தண்டோடு பூட்டிக்கொள்ளும் சாவி வைத்த வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். மெஷினை இரண்டு திசையிலும் ஓட்டலாம். எதிர்த்திசையில் ஓடும்போது அந்த வாஷர் இல்லையென்றால் நட்டு தானாகவே கழன்றுகொள்ளும்.

புல்லியில் 4,500, 7,000 என்று எழுதியிருந்தது. சுற்றை அளக்கும் டேக்கோமீட்டர் வைத்துப் பார்த்தால் 4,300, 6,800. யாரோ எப்போதோ புல்லி மாற்றியிருக்கிறார்கள். என்னிடம் இருப்பது 125 மி.மீ. ஹெட், 6,800இல் ஓட்டினால் நுனி வேகம் நொடிக்கு 44 மீட்டர். திருப்தியாக இருந்தது. எழுதியிருப்பதை நம்பி வாங்காமல் அளந்து வாங்குங்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

குட்டி யானையில் ஏற்றி வந்தோம். இரும்புக் குழாய்களை அடியில் கொடுத்து உருட்டி ஷெட்டுக்குள் கொண்டுபோய், காங்கிரீட் தரையில் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கினோம். அந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றுமில்லை, நாலு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

கரண்ட் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் ஏற்கெனவே மூன்று பேஸ் இணைப்பு இருந்ததால் 3 எச்.பி. மோட்டாரை அப்படியே இணைக்க முடிந்தது. ஒற்றை பேஸ் வீடு என்றால் 3 எச்.பி. ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கிற கரண்டில் பிரேக்கர் விழலாம், எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டு மெஷினைத் தேடுங்கள். விஎஃப்டி என்கிற, மோட்டாருக்குப் போகும் கரண்டை மாற்றித் தரும் கருவியைப் போட்டு ஒற்றை பேஸிலிருந்து மூன்று பேஸ் எடுக்கலாம். ஆனால் சாதாரண விஎஃப்டி 230 வோல்ட் உள்ளே வாங்கினால் 230 வோல்ட்தான் வெளியே தரும், மோட்டாரின் பெயர்ப்பலகையில் அந்த வோல்டேஜுக்கு இணைப்பு உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மூன்று பேஸ் உள்ளவர்களுக்கு இன்னொன்று. மூன்று ஒயரில் எந்த இரண்டு இடம் மாறினாலும் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் வேலை பார்த்துவிட்டுப் போன மறுநாள் போர்வெல்லில் தண்ணீர் சரியாக ஏறவில்லை என்று எங்கள் கம்பெனிக்கு ஃபோன் வருவது வழக்கம். போய்ப் பார்த்தால் மோட்டார் திருப்பிச் சுற்றிக்கொண்டிருக்கும். பம்பில் அதனால் தண்ணீர் குறையும், அவ்வளவுதான். ஸ்பிண்டிலில் திசை மாறினால் கட்டர் நீங்கள் தள்ளும் திசையிலேயே சுற்றி, மரத்தைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும், கையும் கூடப் போகும். அதனால் பேஸ் வரிசை மாறினால் ஸ்டார்ட்டே ஆக விடாத ரிலே ஒன்றை ஸ்டார்ட்டரோடு சேர்த்துப் போட்டிருக்கிறேன். ஒரு பேஸ் இல்லாமல் போனாலும் அதுவே நிறுத்திவிடும். விவசாயக் கிணற்று மோட்டாருக்குப் போடுகிற அதே பொருள்தான், எலெக்ட்ரிக்கல் கடையில் கேட்டாலே தருவார்கள். இதற்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். பவர் ஃபீடர் வாங்கப் பணம் இல்லையென்றால் ஸ்பிண்டில் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். இதை எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் திரும்பத் திரும்பச் சொல்லத் தயாராக இருக்கிறேன். ஃபீடர் என்பது டேபிளின் மேல் ஓர் இரும்புக் கையில் தொங்கும் சின்ன மோட்டார், அடியில் மூன்று நான்கு ரப்பர் சக்கரங்கள். அது மரத்தை மேலிருந்து அழுத்திப் பிடித்து, ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டு போகும். கட்டர் அந்தச் சக்கரங்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். கை அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை. எனக்குப் பழைய மெஷினின் விலையும் புதிய ஃபீடரின் விலையும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வந்தது. அதைக் கேட்டதும் எல்லோரும் அதிர்ச்சியாகிறார்கள். மர ஆலைகளில் போய்ப் பாருங்கள், ஸ்பிண்டில் ஓட்டியவர்களின் கைகளைப் பாருங்கள், அதற்கு மேல் நான் வாதாட வேண்டியதில்லை.

வேலையின் தரத்துக்கும் அது வேண்டும். கை தள்ளும்போது நடுவில் பிடி மாற்றுகிறோம், மரம் ஒரு கணம் நிற்கிறது, அந்த இடத்தில் கருகிய கோடு விழுகிறது. ஃபீடர் நிற்பதில்லை. நிமிடத்துக்கு 4 மீட்டரில் விட்டால், 6,800 சுற்றில், ஒரு பிளேடுதான் கடைசியாகத் தொடுகிறது என்று வைத்துக்கொண்டாலும் வெட்டு வரிகளுக்கு இடையில் 0.6 மி.மீ.தான் இருக்கும். கண்ணுக்கே தெரியாது. உப்புத்தாளை ஒரு முறை ஓட்டினால் போதும்.

அதைப் பொருத்தும் விதம்: டேபிளில் துளை போட்டு மரை வெட்டி ஸ்டாண்டை இறுக்க வேண்டும். சக்கரங்கள் மரத்தின் கனத்தைவிட 3 மி.மீ. தாழ்வாக இருக்கட்டும், அப்போதுதான் ஸ்பிரிங் அழுத்தும். மரம் வெளியே போகும் பக்கத்துச் சக்கரம் ஃபென்ஸுக்கு லேசாக அருகில் வருகிற மாதிரி ஃபீடரைத் திருப்பி வைக்க வேண்டும். அந்தச் சாய்வுதான் மரத்தை ஃபென்ஸோடு ஒட்ட வைக்கிறது. சாய்வு தவறினால் மரம் ஃபென்ஸை விட்டு விலகிக்கொண்டே போகும், உருட்டு போகப் போக மெலிந்துவிடும்.

கட்டருக்கு வருகிறேன். மெஷினோடு ஒரு டப்பா நிறையப் பழைய பிளேடுகளையும் கொடுத்தார்கள். பிளவு வைத்த இரண்டு காலர்களுக்கு நடுவில் பிளேடைச் செருகி, நட்டின் அழுத்தத்தால் மட்டும் பிடித்து நிறுத்துகிற முறை. இரண்டு பிளேடின் அகலமும் மயிரிழை வித்தியாசப்பட்டால் ஒன்று பிடிபடாமல் நிற்கும், ஓட்டத்தில் பறந்துவிடும். ஆசாரி அந்தப் பிளேடுகளை ஒவ்வொன்றாகத் தானே கிரைண்டரில் தீட்டியவர். எந்தக் கோணத்தில் தீட்டினால் எந்த மரத்தில் சிம்பு எழும்பாது என்று எனக்கு எடுத்துச் சொன்னார். அந்த அறிவுக்கு நான் தலைவணங்குகிறேன். உருவங்களுக்காக அந்தப் பிளேடுகளை வைத்திருக்கிறேன், மெஷினில் மாட்டுவதில்லை.

நான் வாங்கியது 40 மி.மீ. உயரம், 4 மி.மீ. கனம் உள்ள பிளேடுகளைப் பிடிக்கும் ஹெட். ஹெட்டிலிருக்கும் முள் பிளேடின் துளைக்குள் உட்காருகிறது, அதனால் பிளேடை இறுக்கும் ஆப்பு கொஞ்சம் தளர்ந்தாலும் பிளேடு வெளியே வராது. ஒவ்வொரு பிளேடுக்கும் முன்னால் அதே உருவத்தில் ஒரு லிமிட்டர், அதாவது தடுப்புத் தகடு உண்டு. பிளேடு அதைவிட ஒரு மில்லிக்குச் சற்று மேல்தான் நீட்டிக்கொண்டிருக்கும். மரத்தை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அதற்கு மேல் கடிக்க முடியாது, அதனால் பின்னால் எறியும் வேகம் வெகுவாகக் குறைகிறது. ஐரோப்பியத் தரநிர்ணயமான ஈஎன் 847-1இன்படி, கையால் தள்ளும் வேலைக்கான கட்டரில் எம்-ஏ-என் என்று மூன்று எழுத்துப் பொறித்திருக்கும். எம்-இ-சி என்று இருந்தால் மெஷின் தள்ளுவதற்கு மட்டும்.

அப்பிச்சி வீட்டு உருட்டுக்கு, உருவம் வெட்டாத பிளேடு ஜோடியையும் லிமிட்டர் ஜோடியையும் வாங்கினேன். கோவை கணபதியில் வயர்கட் (மின்கம்பியால் உலோகத்தை வெட்டும் முறை) செய்யும் ஒருவரிடம் வரைபடம் கொடுத்து வெட்டி வாங்கினேன். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஹெட்டில் பிளேடு மரத்துக்கு நேராக நிற்பதில்லை, சாய்ந்து நிற்கிறது. அதனால் மரத்தில் வேண்டிய உருவத்தை அப்படியே பிளேடில் வெட்டினால் மரத்தில் ஆழம் குறைந்துவிடும். சாய்வுக் கோணத்தைக் கணக்கிட்டு ஆழ அளவை நீட்டி வரைய வேண்டும், உயர அளவு மாறாது. ஆபீஸ் முடிந்த பின் உட்கார்ந்து கணினியில் கேட் மென்பொருளில் வரைந்தேன். எனக்கு இந்த முழு வேலையிலும் மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

முதல் சட்டம் ஓடிய அன்று ஆசாரியையும் கூப்பிட்டிருந்தேன். வந்ததும் சுவிட்சை நோக்கிப் போன என்னை நிறுத்தி, "புதுசா கட்டர் மாட்டினா மொதல்ல கையால ஒரு சுத்து சுத்திப் பாக்கோணும் அம்மிணி. ஃபென்ஸுல இடிக்குதான்னு அப்பத்தான் தெரியும்" என்றார். சுற்றினேன், இடிக்கவில்லை. ஒரு வேண்டாத துண்டை ஓட்டினோம். வெளியே வந்த துண்டை அவர் வெயிலுக்குக் கொண்டுபோய் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். கட்டை விரலால் கால் வட்டத்தையும் அதன் ஓரப் படியையும் தடவினார். பிறகு நான் கொண்டுவந்திருந்த பழைய அடிச்சட்டத் துண்டோடு முனைக்கு முனை சேர்த்து வைத்தார். ஓடிய கோடு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அப்படியே போயிற்று. "மேல்படி மயிரளவு கம்மி" என்றார். அளந்தேன். 0.3 மி.மீ. ஸ்பிண்டிலை அவ்வளவு ஏற்றினதும் சரியாக உட்கார்ந்தது. டயல் கேஜ் வைத்து நான் காணும் வித்தியாசத்தை அந்த விரல் கண்டுபிடித்தது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

ஜன்னல் வேலையில் கற்றுக்கொண்டவற்றில் மற்றவர்களுக்கு உதவக்கூடியவை சில. குறுக்குச் சட்டத்தின் முனைகளை முதலில் வெட்டுங்கள், நீள ஓரத்தை அப்புறம் ஓட்டுங்கள். முனை வெட்டும்போது கடைசியில் மரம் பிய்ந்தாலும் நீள ஓட்டம் அதைச் சுத்தம் செய்துவிடும். முனை வெட்ட ஃபீடர் உதவாது, பிடிப்பான் வைத்த தள்ளுபலகை வேண்டும், பின்னால் ஒரு தாங்குகட்டையும் வேண்டும். கண்ணாடிக்கு அடிக்கிற மெல்லிய பீடிங்கை மெல்லிய ரீப்பராக ஓட்டவே கூடாது, நொறுங்கிப் பறக்கும். அகலமான பலகையின் ஓரத்தில் உருட்டை ஓட்டிவிட்டு, டேபிள் சாவில் அந்த ஓரத்தைக் கிழித்து எடுங்கள். பழைய வீடு இடித்த தேக்கைப் பயன்படுத்துகிறவர்கள் மெட்டல் டிடெக்டர் இல்லாமல் ஒரு துண்டைக்கூட ஓட்டாதீர்கள், உள்ளே முறிந்து நிற்கும் ஆணி வெளியே தெரியாது. தேக்கில் இயல்பாகவே சிலிக்கா இருக்கிறது, எச்.எஸ்.எஸ். எஃகு பிளேடு சீக்கிரம் மழுங்கும். உருவம் இருக்கும் பக்கத்தைத் தொடாமல் தட்டையான முகத்தை மட்டும் டைமண்டு கல்லில் தீட்டிக்கொண்டால் உருவம் மாறாது.

தூசியையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995லேயே வகைப்படுத்திவிட்டது. ஃபென்ஸின் பின்னால் 100 மி.மீ. குழாய் மாட்டி டஸ்ட் கலெக்டரில் விட்டிருக்கிறேன், முகக்கவசமும் போடுகிறேன்.

இனி யார் வாங்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டி, தட்டு, பொம்மை, அலங்காரப் பலகை என்று சின்னச் சின்ன வேலை செய்கிறவர்களுக்கு நல்ல ரூட்டர் டேபிள் தாராளமாகப் போதும். ஷெட்டில் ஆறு ஏழு அடி நீளச் சட்டத்தை உள்ளே விட்டு வெளியே எடுக்க இரண்டு பக்கமும் இடம் இல்லாதவர்களுக்கு ஸ்பிண்டில் தலைவலிதான். கதவு, ஜன்னல், சமையலறை அலமாரிக் கதவு என்று ஒரே உருவத்தை நீள நீளமாக ஓட்டுகிறவர்களுக்குத்தான் இது. அவர்களும் மெஷின், ஃபீடர், நல்ல ஹெட் ஒன்று, மூன்றுக்கும் சேர்த்துப் பணம் சேர்ந்த பின் வாங்கினால் போதும்.

மேற்குப் பக்க ஜன்னல்களில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டன. மாமா வந்து பார்த்துவிட்டு, முன்வாசல் கதவுக்கு மேலே இருக்கும் வளைவு ஜன்னலையும் செய்துவிடு என்கிறார். வளைவு வேலையில் ஃபென்ஸ் கிடையாது, ஃபீடரும் உதவாது. அச்சுப் பலகையையும் அதன் ஓரத்தில் உருளும் பேரிங் கைடையும் நம்பிக் கையால்தான் ஓட்ட வேண்டும். அதற்குக் கட்டரைச் சுற்றி மூடும் ரிங் கார்டு வேண்டும், என் மெஷினோடு அது வரவில்லை. கம்பெனிக்குப் பக்கத்தில் கடைசல் பட்டறை வைத்திருப்பவரிடம் செய்யக் கொடுத்திருக்கிறேன். அது வந்து பொருத்தும் வரை வளைவுக்கெல்லாம் ரூட்டர்தான்.